ஓடாத தண்ணீர்

வெள்ளிக்கிழமை மதியம். ஆம்பூர்த் தோல் தொழிற்சாலையில் தோல் பதனிடும் டிரம் ஒன்றும் சுற்றவில்லை, ஒரு குழாயும் திறந்திருக்கவில்லை. ஆனாலும் ஆபீஸ் சுவரில் இருந்த மீட்டர் பெட்டியில், கழிவுத் தண்ணீர் ஓடுவதாக எண் ஏறிக்கொண்டே இருந்தது.

"லீவு நாள்ல இன்னாய்யா தண்ணி? முதலாளி போன் மேல போன் போட்டு பேஜார் பண்றாரு," என்றார் வாட்ச்மேன் மஹபூப் பாஷா, தொப்பியைச் சரிசெய்தபடி. "நான் தொழுகைக்குப் போறேன். உன் மிஷினு, நீயே கேளு."

"பெட்டி கோளாறு பாய். நீங்க போய்ட்டு வாங்க," என்றான் மீட்டர் பார்க்கும் ஜெயசீலன்.

அதில் ரகசியம் ஒன்றுமில்லை. தொட்டிக்குப் போகும் குழாய்க்குள் ஒரு சின்னச் சக்கரம். தண்ணீர் தள்ளினால் சுற்றும். சுற்றுக்கு ஒரு துடிப்பு மின்சாரமாகிக் கம்பி வழியே வந்து, பெட்டியில் எண்ணாக விழும். அதே எண் மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகளுக்கும் போகும். வேலை நாளில் எண் நின்றாலும், லீவு நாளில் ஓடினாலும் கேள்வி வரும். போன மாதம் சேறு அள்ளக் கூலியாள் சின்னசாமி தொட்டிக்குள் இறங்கியிருந்தபோது எண் நின்றது. வரப்போகிற ஒரு கேள்விக்குப் பயந்து, ஆள் உள்ளே இருப்பது தெரிந்தே, இந்தப் பாவி ஜெயசீலன் தொட்டிக்குத் தண்ணீர் விடும் வால்வைத் திறந்தான். "கால் வழுக்கி விழுந்து செத்துட்டான்" என்று சின்னசாமியின் பெண்சாதி மீனாம்பாளிடம் கூசாமல் சொன்னான். இன்றைக்கு அதிகாரி வந்தால் அந்தக் கதையும் கிளறப்படும். எண்ணை நிறுத்தியாக வேண்டும்.

வெளியே போனான். சுண்ணாம்பும் பச்சைத்தோலும் வெயிலில் வெந்து நாறின. எங்கோ ஒரு தகரம் காற்றில்லாமலே முனகிக்கொண்டிருந்தது. வியர்வை கண்ணில் இறங்க, குழாயின் மூட்டைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்தான். சக்கரம் காய்ந்து கிடந்தது. அதன் இதழ்களுக்கு நடுவே சிலந்தி வலை. ஒரு நூல்கூட அறுந்திருக்கவில்லை.

ஆபீசுக்கு ஓடி வந்தான். எண் இன்னும் வேகமாக ஏறியது. பெட்டியிலிருந்து கம்பியைப் பிடுங்கினான்.

ஏறியது.

குறடால் நறுக்கினான். அப்போதுதான் கம்பியின் நுனியில் ஒரு துளி திரண்டது. நீலம். தோல் பதனிடும் குரோம் உப்பின் நீலம். சொட்டியது. இன்னொன்று. அப்புறம் ஒழுக்கு.

அடைக்கப் பார்த்தான். நுனியை உள்ளங்கையில் இறுக்கினான்.

குளிர். தோலுக்கு அடியில்.

விட நினைத்தான். கம்பி விடவில்லை. விரலோடு விரல் கோத்த மாதிரி இருந்தது. முழங்கைக்கு ஏறியது. தோளுக்கு. தொண்டைக்கு.

மேசையில் போன் அடித்தது. இன்னொரு கையால் தட்டி ஸ்பீக்கரில் போட்டான்.

"இன்னாடா, நின்னுச்சா இல்லியா?" முதலாளி.

பதில் சொல்ல வாயைத் திறந்தான்.

தண்ணீர் வந்தது. மயிரும் சேறும் கலந்த நீலத் தண்ணீர். சட்டையில். தரையில். போன் மேல். மூச்சுக்கு இடமில்லை. வாயை மூட முடியவில்லை.

"டேய், பேசுடா!"

கொட்டியது. கொட்டிக்கொண்டே இருந்தது. சுவரில் பெட்டி, அவன் வாயிலிருந்து வருவதை, மடக்கு மடக்காக எண்ணியது.