ஸ்டீபன் விழுங்கிய மாத்திரை எங்கே போனது?

இந்தக் காலத்து ஜனங்களுக்கு ஒருவனைத் திருடன் என்று சொல்ல சாட்சி வேண்டாம், போனில் சார்ஜ் இருந்தால் போதும். ஏப்ரல் 7, செவ்வாய், காலை 10.20. தாபோடியில் இஸ்மாயில் பாயின் மருந்துக்கடை முன்னால் நாற்பது பேர். 'போலி மாத்திரை விற்கிறான்' என்று எவனோ குரூப்பில் போட்டுவிட்டான். நாற்பது பேரில் ஒருவனும் மாத்திரையைக் கையில் எடுத்துப் பார்க்கவில்லை. எல்லாரும் கடையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

நான் அருணாச்சலம். கட்கி குண்டுத் தொழிற்சாலை கேட்டில் முப்பத்தாறு வருஷம் காவல். படிப்பு ஆறாவது. உள்ளே போகிறவன் டிபனையும் வெளியே வருகிறவன் செருப்பையும் பிரித்துப் பார்த்தவன். யாரையும் நம்பாததுக்குத்தான் எனக்குச் சம்பளம்.

கூட்டத்துக்கு நடுவில் என் பக்கத்து வீட்டு செல்வமேரி தலையில் அடித்துக்கொண்டு நின்றாள். தளேகாவில் மெஷின் ஓட்டும் அவள் புருஷன் ஸ்டீபனுக்கு இரண்டு கிட்னியும் போய், இரண்டு வருஷத்துக்கு முன்னால் இவள் தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தாள். அடுத்தவர் உறுப்பை உடம்பு எதிரி என்று அடித்துவிடாமல் இருக்க அவன் தினமும் இரண்டு வேளை மாத்திரை விழுங்க வேண்டும்.

"ரத்தத்துல மருந்து ஏழு இருக்கணுமாம் மாமா. இப்ப ஒண்ணே முக்கால். டாக்டர் டோஸை டபுள் பண்ணியும் ஏறல. இப்படியே பத்து நாள் போனா கிட்னி போயிடும்ங்கிறாங்க. என் கிட்னி மாமா!"

"கம்பெனி பில்லு இருக்குங்க" என்று இஸ்மாயில் அதை நீட்டினார்.

"பில்லு வெறும் காகிதம் பாய். நான் நம்ப மாட்டேன்" என்றேன்.

"அப்ப எதைத்தான் நம்புவீங்க?"

"என் கண்ணை. அதுவும் கண்ணாடி போட்ட பிறகு."

மருந்து காணாமல் போக இரண்டே வழி. கடையில் போலி, இல்லாவிட்டால் ஸ்டீபன் விழுங்காமல் துப்புகிறான். அன்றைக்கே கேம்ப் பக்கம் போய் வேறு கடையில் மாத்திரை வாங்கினேன். அட்டை என் சட்டைப்பையில். இரவு 9 மணிக்கு ஸ்டீபன் வீட்டில் உட்கார்ந்தேன்.

"முழுங்கு. வாயைத் திற. நாக்கைத் தூக்கு."

"என்னா மாமா, நான் குண்டா திருடிட்டேன்?"

"திருடினவன் எல்லாம் இதையேதான் கேட்டான்."

வாந்தி எடுக்கிறானா என்று ஒரு மணி நேரம் காவல் இருந்தேன். மறுபடி காலை 9, இரவு 9. நாலு நாள். அவன் துப்பவில்லை, தப்பவுமில்லை.

சும்மா உட்கார்ந்திருந்தால் என் கண் சும்மா இருக்காது. முப்பத்தொன்பது டிகிரி வெயிலில் ஸ்டீபன் சட்டைக் காலர் பட்டன் வரை போட்டிருந்தான். கொடியில் வெள்ளை பனியன்கள், கழுத்திலும் அக்குளிலும் காவி நிறத் திட்டு.

"புதுசு மாமா. குடிபாட்வா வருஷப்பிறப்பு ஆஃபர்ல மூணு எடுத்தேன், மூணும் பாழ்" என்றாள் செல்வமேரி.

"ரங்கபஞ்சமி பண்டிகையில பசங்க அடிச்ச கலர்டி அது, ஊறிப் போச்சு" என்றான் ஸ்டீபன் உள்ளேயிருந்து.

அவள் எனக்கு டீ கொடுத்தாள். "இந்த மனுஷன் முன்னெல்லாம் கண்ணைத் திறந்ததும் டீ கேப்பாரு. இப்ப அஞ்சரைக்கு ஸ்கூட்டரை எடுத்துக்கிட்டு வாக்கிங் போறாரு. ஏழு மணி வரைக்கும் பச்சத் தண்ணிதான்."

ஸ்கூட்டரில் போகிற வாக்கிங். அதையும் மனசில் போட்டுக்கொண்டேன்.

சனிக்கிழமை, மதியம் 12.40. ஆஸ்பத்திரியில் புது ரிப்போர்ட் வந்தது. மருந்து ஒன்று புள்ளி ஆறு. இன்னும் இறங்கியிருந்தது! என் காது சுட்டது. இரண்டு கதவையும் நானே பூட்டினேன், அப்புறமும் களவு போகிறது.

சின்ன டாக்டர் வைஷு தமிழ்ப்பெண்தான், பேச்சில் தமிழ் தேட வேண்டும். "அங்கிள், டாப்லெட் அசலி. லேப்ல செக் பண்ணியாச்சு."

"முழுங்கினதை நான் பார்த்தேன். அப்புறம் எங்க போச்சு?"

"லிவர்ல." காகிதத்தில் வட்டம் போட்டாள். "லிவர் செல்லுக்குள்ள ஒரு ரூம், நியூக்ளியஸ். அங்க ஒரு ப்ரோட்டீன் வேலை பாக்குது. நியூக்ளியர் ரிசெப்டர். பேரு பிஎக்ஸ்ஆர்."

"நியூக்ளியரா? குண்டு வேலையை விட்டு வருஷமாச்சு தாயி."

சிரித்துவிட்டாள். "இது வாட்ச்மேன் மாதிரி. வெளி கெமிக்கல் ஏதாவது வந்து இதைத் தொட்டா, இது ஜீனை ஆன் பண்ணும். குப்பை அள்ற என்ஸைம் டபுள், ட்ரிபிள் வரும். அது அந்தக் கெமிக்கலை மட்டும் அள்ளாது. நம்ம கிட்னி மருந்தையும் சேர்த்து அள்ளிடும்."

"பாஸ் பார்க்காமலா?"

"பார்க்காது அங்கிள்."

"அவனை எழுப்புறது எது?"

"ஃபிட்ஸ் மருந்து, டிபி மருந்து, சில நாட்டு மருந்து. ஸ்டீபன் அங்கிளை மூணு தடவை கேட்டேன். வேற எதுவும் சாப்பிடலைன்னு பிராமிஸ் பண்ணினாரு."

எழுபது வயசுக் காலை மறந்து படியில் ஓடி ஆட்டோ பிடித்தேன்.

மாலை 4.15. ஸ்டீபன் வீடு. செல்வமேரியும் மகள் சோனியாவும் இருந்தார்கள். இஸ்மாயிலையும் இழுத்துப் போயிருந்தேன். சோனியாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, மறுநாள் ஞாயிறு மாதா கோவிலில் முதல் ஓலை வாசிப்பு. மூன்று ஞாயிறு கல்யாணத்தை இப்படி ஊரறியச் சொல்ல வேண்டும்.

"பாய் கடை சுத்தம். மருந்தை வெளியே தள்ளினவன் இவன்தான்" என்று ஸ்டீபனைக் காட்டினேன். "இவன் ஒளிச்சு டிபி மாத்திரை திங்கறான்."

"மாமா! பைத்தியமா உங்களுக்கு?"

"காலர் பட்டனைக் கழட்டு."

கழட்டவில்லை.

"எங்க அண்ணன் டிபி மாத்திரை சாப்பிட்டப்ப வேர்வையெல்லாம் காவியா வரும், கர்ச்சீப் சிவந்து போகும். விடியக்காலம் வெறும் வயித்துல போடணும், டீ கூடாது. உன் பனியன் ரங்கபஞ்சமி கலர்னு சொன்னியே, ரங்கபஞ்சமி முடிஞ்சு பதினொரு நாள் கழிச்சுத்தான்டா பாட்வா! கடையில மடிச்சு வச்சிருந்த பனியன்மேல யாருடா கலர் அடிச்சான்?"

செல்வமேரி புருஷன் முகத்தையே பார்த்தாள். ஸ்டீபனுக்குக் கண் பொங்கிவிட்டது. வெள்ளைத் துண்டை எடுத்துத் துடைத்தான். துண்டில் இரண்டு பொட்டு விழுந்தது. ஆரஞ்சு நிறம்.

"யா அல்லா" என்றார் இஸ்மாயில்.

ஸ்கூட்டர் டிக்கியில் இருந்தன அட்டைகள். ஆறு வாரமாக ஒளித்து விழுங்கி வந்த மாத்திரை. காலரைத் திறந்தான், கழுத்தில் கட்டி.

"கோந்த்வால ஒரு டாக்டர் கட்டி டிபின்னாரு. கிட்னி விஷயத்தை அவர்கிட்ட சொல்லல மாமா. சொன்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதுவாரு, மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியும். மூணு ஞாயிறு ஓலை தாண்டட்டும்னு…"

"ஊர் வாய்க்குப் பயந்து என் கிட்னிய பலி குடுத்தியா? வயித்தைக் கிழிச்சுக் குடுத்தேனே!" செல்வமேரி அந்தத் துண்டைப் பிடுங்கி அவன்மேலேயே எறிந்தாள்.

சோனியா அழவில்லை. மாப்பிள்ளைக்குப் போன் பண்ணி ஸ்பீக்கரில் போட்டாள். "விஜய், எங்கப்பாவுக்கு டிபி. நாளைக்கு ஓலை வாசிக்கணுமா வேணாமா? சீதா போல், நேரா சொல்லு."

"வாசிக்கட்டும்" என்றது மறுமுனை. "எங்க சித்தப்பாவுக்கும் இருந்துச்சு. ஏய், அங்கிளை மொதல்ல ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ!"

5.30-க்கு அட்மிட். அந்த வாட்ச்மேனை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாத வேறு டிபி மருந்து இருக்கிறதாம், மாற்றினார்கள். ஆனால் ஒருதரம் கிளம்பிய அந்தக் குப்பை அள்ளும் கும்பல் அடங்க இரண்டு வாரம் ஆகுமாம். அதுவரை ரத்தம் எடுத்து எடுத்து டோஸை ஏற்றினார்கள். செல்வமேரி ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் லேப் வாசலில் நின்றாள். இரண்டு, மூன்று, நாலரை.

ஏப்ரல் 27, திங்கள், காலை 11.10. ஆறு புள்ளி எட்டு. கிட்னி பிழைத்தது. செல்வமேரி அந்த ரிப்போர்ட்டை வயிற்றோடு வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இனிமே எதையும் மறைக்க மாட்டேன் மேரி. மாதா மேல சத்தியம்" என்றான் ஸ்டீபன்.

"அழகா சொன்னாரு இல்ல அங்கிள்?" என்றாள் வைஷு.

"அழகாத்தான் சொன்னான். சொல்லும்போது அவ மூஞ்சியைப் பார்க்கலை, ஜன்னலைப் பார்த்தான். அடுத்த வாரமும் ரத்தம் எடு தாயி."

லிஃப்டுக்கு நிற்காமல் படியில் இறங்கி நடந்தேன்.