சுக்கானின் வீங்கிய வாய்

"ஏலே, யாரும் கிட்டப் போகாதீங்க! நாய்க்கு வெறி பிடிச்சிருச்சு!"

சிலுவைமுத்து மாமா துடுப்பை ஓங்கிக்கொண்டு கத்தினார். தங்கச்சிமடம் கடற்கரையில் கருவாடு காயப்போட்டிருந்தவர்கள் எல்லாரும் எழுந்து ஓடினார்கள்.

கவிழ்த்த வள்ளத்தின் ஓரம் அந்த நாய், சுக்கான், சுருண்டு கிடந்தது. வாயின் ஒரு பக்கம் எலுமிச்சம்பழம் அளவு வீங்கியிருந்தது. வெள்ளையாக எச்சில் வடிந்தது.

அது லீமாரோஸ் வளர்க்கும் நாய். அவளுக்குப் பத்து வயதுதான். ஆனாலும் ஓடிவந்து, மாமாவை மறித்துக் கைகளை விரித்து நின்றாள்.

"என் நாயை எதுக்கு அடிக்கிறீங்க?"

"நுரை தள்ளுது புள்ள! விலகு!"

"நுரையா அது? மூக்குக்கு மேலயும் அப்பியிருக்கு, பாருங்க. நுரை மேல ஏறுமா?"

லீமாரோஸ் சுற்றிலும் பார்த்தாள். பனைமரத்தடியில் பனையேறும் இருளாண்டி அண்ணன் இறக்கி வைத்த பதநீர்க் கலயம் சாய்ந்து கிடந்தது. அதைச் சுற்றித் தேனீக்கள் மொய்த்தன.

"பதநீர் புளிக்காம இருக்கக் கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவுவாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா? சுக்கான் அதுல வாயை விட்டு நக்கியிருக்கு, அந்தச் சுண்ணாம்புதான் இது. தேனீ கொட்டியிருக்கு. அதுக்குக் கொலையா?"

"சுக்கான்!" என்று அழைத்தாள். வால் மணலில் படபடவென்று அடித்தது. நாய் மெல்ல எழுந்து வந்து அவள் காலடியில் தலையை வைத்தது.

உதட்டோரத்தில் கறுப்பாய் ஒரு கொடுக்கு.

"பிடுங்கு புள்ள, பிடுங்கு!"

"விரலால பிடுங்கினா நசுங்கி விஷம் உள்ள இறங்கும் மாமா. போன வருசம் எங்க ஆட்டைத் தேனீ கொட்டினப்ப, ராமநாதபுரம் மாட்டாசுபத்திரியில சொன்னாங்க."

ஒரு சிப்பியின் விளிம்பால் பக்கவாட்டில் மெதுவாகச் சுரண்டினாள். கொடுக்கு வந்துவிட்டது. நல்ல தண்ணீரால் சுண்ணாம்பைக் கழுவினாள்.

"துண்டைக் கொடுங்க."

"புதுத் துண்டு புள்ள."

"நாய் மட்டும் பழசா?"

மாமா கொடுத்துவிட்டார். அவள் அதை நனைத்து வீக்கத்தில் வைத்து, மாமாவின் கையை இழுத்து அதன்மேல் அழுத்தினாள்.

"இப்படியே பிடிங்க. மூச்சு இரைக்குதான்னு நான் பார்த்துக்கிட்டே இருக்கேன். இரைச்சா ரயிலேறி ஆசுபத்திரிக்குப் போகணும்."

நல்லவேளை, மூச்சு சீராக வந்தது. சற்று நேரத்தில் மாமா மெல்லக் கையை எடுக்கப் பார்த்தார்.

"எடுக்காதீங்க! வீக்கம் இன்னும் வடியல."

"வலை இழுக்கப் போகணும் புள்ள..."

"அடிக்க மட்டும் நேரம் இருந்துச்சாக்கும்?"

மாமா துண்டைப் பிடித்தபடியே மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.