அசையாத நாற்காலி

வந்திருந்தது இரண்டு பேர்தான். ரிஃபாத் மூன்று நாற்காலி கேட்டான். சாமான் வைக்க இருக்கும் என்று சவ்ஸன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கல்யாணமாகி நான்கு மாதம். தன்தா ஊரின் புழுக்கத்தில் வெந்துகொண்டிருந்தவளை, கேட்காமலேயே, அதிகாலை ரயிலில் அலெக்சாண்டிரியா கடற்கரைக்குக் கூட்டி வந்திருந்தான். இப்படியொரு புருஷன் யாருக்கு வாய்ப்பான் என்று வழியெல்லாம் பூரித்துக்கொண்டு வந்தாள், பைத்தியக்காரி.

நாற்காலிக்காரர் ஷஹாத்தா அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டுதான் நாற்காலி தருவார். ரிஃபாத் தன்னுடையதை எடுக்காமல், அவள் கைப்பைக்குள் கை விட்டு அவளுடையதை எடுத்து நீட்டினான். கிழவர் அவளைச் சற்று நேரம் பார்த்தார்.

"பழைய அட்டை இன்னும் என்கிட்டதான் கிடக்கு, உஸ்தாத்."

"தெரியும். சாயங்காலம் வாங்கிக்கிறேன்."

என்ன அட்டை என்று அவள் கேட்டதற்கு, போன தடவை மறந்து வைத்துவிட்டது என்றான். இந்த ஊருக்கே வந்ததில்லை என்று நிச்சயத்தன்று சொன்னவனுக்கு ஏது போன தடவை? சுருக்கென்றது. கேட்டால் நாள் கெட்டுவிடும் என்று விழுங்கிக்கொண்டாள்.

உச்சி வெயிலில் கரையெங்கும் கூட்டம், பொரித்த மீன் வாசம், துறைமுகத்திலிருந்து கப்பலின் நீண்ட ஊளை. முழங்கால் தண்ணீரில் நாற்காலி போட்டு, அங்கியும் முக்காடும் நனைய உட்கார்ந்து பெண்கள் தர்பூசணி தின்றுகொண்டிருந்தார்கள். ரிஃபாத் எல்லாரையும் ஓர் எட்டு தாண்டிப் போட்டான். நடுவில் அவள். ஒரு பக்கம் அவன். மறுபக்கம் காலி நாற்காலி.

"மாப்பிள்ளையப் பக்கத்துல வச்சுக்கிட்டு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கியே, பொண்ணே," என்று பக்கத்திலிருந்த பருத்த பெண் சிரித்தாள். பிறகு ரிஃபாத்திடம், "அந்த நாற்காலி காலிதானே, எடுத்துக்கவா?"

"ஆள் இருக்கு, அக்கா."

ஒரு பெரிய அலை வந்தது. அந்தப் பெண்ணின் செருப்புகள் வைத்திருந்த நாற்காலி கவிழ்ந்து மிதந்து போக, பிள்ளைகள் கூச்சலுடன் துரத்தினார்கள். இவர்களுடைய காலி நாற்காலி அசையவில்லை. அதே அலைதான். சவ்ஸன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் கால்கள் மணலில் மெல்ல இறங்கின, யாரோ உட்கார்ந்தாற்போல. நாள்பட்ட ஈரத்துணியின் நாற்றம். அவள் கையில் ஒரு சொட்டு. அந்த வெயிலிலும் சில்லென்று.

"யாருக்கு இந்த நாற்காலி?"

"இன்ஷிராஹுக்கு." அவன் அவளைப் பார்க்கவில்லை. "என் வீட்டுக்காரி. ஏழு வருஷத்துக்கு முன்ன, இதே இடத்துலதான் அலை கொண்டுபோச்சு."

"அப்ப நான் யாரு?"

அவளைத் தாண்டி, காலி நாற்காலியிடம், அவள் ஒருநாளும் கேட்டிராத குழைவுடன் பேசினான். "சொன்ன மாதிரியே கூட்டிட்டு வந்துட்டேன் பாரு."

நான்கு மாதமும் இதற்குத்தான். பாவி.

எழுந்திருக்கப் பார்த்தாள். மடியில் ஒரு கனம். ஈரமான, விரல்களுள்ள கனம். கத்தினாள். யாரும் திரும்பவில்லை. ரிஃபாத் எழுந்து கை நீட்டினான். எட்டிப் பற்றிக்கொள்ள அவளும் நீட்டினாள்.

அவன் கை அவளைக் கடந்து போனது.

சவ்ஸனின் மடியிலிருந்து எழுந்தவளும் அவனும் கரையேறினார்கள். முதுகில் ஒட்டிய நீண்ட கூந்தலிலிருந்து தண்ணீர் வடிய வடிய நடந்தவள், மணலில் கிடந்த சவ்ஸனின் செருப்பை மாட்டிக்கொண்டாள். அளவு சரியாக இருந்தது. ஷஹாத்தா தகரப் பெட்டியைத் திறந்து பழைய அட்டையை அவளிடம் கொடுத்தார். புதியதை அடியில் வைத்தார்.

"இப்பவாவது இந்த நாற்காலிய எடுத்துக்கவா?" பருத்த பெண் சவ்ஸனைத்தான் காட்டினாள்.

ரிஃபாத் திரும்பிப் பார்க்கவில்லை. "ஆள் இருக்கு."

சவ்ஸன் குனிந்து பார்த்தாள். மடி இல்லை. கை இல்லை. வெள்ளை நாற்காலி மட்டும். அலை வந்தது. நாற்காலி அசையவில்லை.