எதிர்வீட்டுத் தண்ணீர்

காலை ஆறு மணிக்குச் சேர்மக்கனி குளியலறைக் கதவை இரண்டு தடவை தள்ளிப் பார்த்து, இடுக்கில்லாமல் மூடியிருக்கிறது என்று தெரிந்தபிறகுதான் குழாயைத் தொட்டாள். தூறல்குழாய் நாற்பது நொடி தூறி நின்றது. தலையைத் துவட்டிய துண்டை ‘ஈரம்பிடி’ அலமாரிக்குள் தொங்கவிட்டாள். அது துண்டிலிருந்த ஈரத்தை, பூனை பால் நக்குவதுபோலச் சின்னச் சத்தத்தோடு உறிஞ்ச ஆரம்பித்தது.

அரிசி களைந்த தண்ணீரில் நேற்றைய பாத்திரங்களைத் தேய்த்தாள். தேய்த்த தண்ணீர் வடிகட்டிக்குள் போயிற்று. சோறு வெந்ததும் மூடியைச் சட்டென்று எடுக்கவில்லை. ஒரு பக்கமாகச் சாய்த்து, உள்ளே கோத்திருந்த சொட்டுகளைப் பானைக்குள்ளேயே விழவிட்டாள். அப்புறம்தான் சுவரிலிருந்த நீர்மட்டக் கண்ணாடியைப் பார்த்தாள்.

இருநூற்று ஒன்பது லிட்டர்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். ஒன்பதேதான்.

கடல் ஊருக்குள் வந்தபிறகு தூத்துக்குடிப் பக்கத்து ஆட்களைத் தொப்பூர் மலைச்சரிவில் எழுபது மாடிக் கோபுரங்களில் குடிவைத்தார்கள். குடிவந்த அன்று ஆளுக்கு இருநூறு லிட்டர் சுழல்நீர் தொட்டியில் ஊற்றிக் கொடுத்தார்கள். அவ்வளவுதான். குடிப்பது, குளிப்பது, வேர்ப்பது, மூச்சில் விடுவது, கழிப்பறையில் போவது எல்லாவற்றையும் வீட்டுச் சுவர்களே பிடித்து, வடித்து, திரும்பத் தொட்டிக்கு அனுப்பும். கதவு திறக்கும்போது தப்பிப்போகிற ஈரத்துக்கு ஈடாக மாதம் இரண்டு லிட்டர் மழைப்பங்கு உண்டு. மட்டம் நூற்றெண்பதுக்குக் கீழே போனால் வீட்டைப் பூட்டிவிடுவார்கள். ஆளுக்கு அடிவாரப் பொதுக்கூடத்தில் ஒரு கட்டில்.

அதனால் அந்தக் கோபுரத்தில் விருந்தாளிக்கு யாரும் தண்ணீர் கொடுப்பதில்லை. குடித்தவர் அதை வயிற்றில் வைத்துக்கொண்டே தன் வீட்டுக்குப் போய்விடுவாரே! போகிற இடத்துக்கு அவரவர் குப்பியை எடுத்துப் போவதுதான் மரியாதை. "தண்ணி குடிக்கீங்களா?" என்று கேட்பதும் பெற்றுக் குடிப்பதும் நாகரிகம் தெரியாதவர்கள் செய்கிற காரியம்.

சேர்மக்கனிக்கு வீட்டிலிருந்தபடியே வேலை. கோபுரத்தின் லிஃப்டுகள் முப்பதையும் திரையில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மதியம் இரண்டிலிருந்து இரவு ஒன்பது வரை வீட்டை விட்டு அசைய முடியாது. இரண்டு மாதமாக எதிர்வீட்டு உலகம்மாள் இரண்டேகாலுக்கெல்லாம் வந்துவிடுவாள். அவளும் தனியாள்தான். கையில் ஃபிளாஸ்க் இருக்கும். அதில் இரண்டு பேருக்கும் டீ. டீயையும் தண்ணீராக எண்ணவேண்டும் என்று சேர்மக்கனிக்குத் தோன்றியதில்லை.

அன்றைக்கும் வந்தாள்.

"மைனி, கண்ணாடியப் பாருங்க. இருநூத்தி ஒம்பது! ரெண்டு மாசமா ஏறிக்கிட்டே இருக்கு. மூடியச் சாய்க்கிறேன் பாருங்க, அதுலதான்."

உலகம்மாள் கண்ணாடியைப் பார்க்கவில்லை. டீயை ஊற்றினாள்.

"நீ பெரிய ஆளுட்டி. ஆறதுக்குள்ள குடி."

மூன்று மணிக்கு, வீட்டுத் தொட்டிக் கணக்கைச் சரிபார்க்கிற நீர்க்கணிப்பாளன் வந்து நின்றான். பரணிதரன் என்று சட்டையில் பெயர் இருந்தது. முப்பது வயது இருக்கும். அவன் கையிலும் ஒரு குப்பி.

"பாராட்ட வந்தீங்களா தம்பி?" என்றாள் சேர்மக்கனி.

"இல்லைங்க அக்கா. குறைஞ்சா கவனம் பத்தலைன்னு எழுதுவோம். ஏறினா திருட்டான்னு பாக்கோணும். மூடியைச் சாய்ச்சா போறது குறையும். மழைப்பங்குக்கு மேல வர்றது எப்படிங்க வரும்?"

அவன் கைத்திரையை நீட்டினான். அதில் இரண்டு கோடுகள். ஒன்று இருநூறிலிருந்து ஒன்பது ஏறியிருந்தது. இன்னொன்று நூற்றுத்தொண்ணூறிலிருந்து ஒன்பது இறங்கியிருந்தது. இரண்டாவது கோட்டின்மேல் எதிர்வீட்டு எண்.

"தினமும் ஒரு டம்ளர் கணக்குங்க. இந்தம்மா அவங்க வீட்டுத் தண்ணியில டீ போட்டு எடுத்துட்டு வர்றாங்க. உங்களுக்கும் ஊத்துறாங்க. ஏழு மணி நேரம் இங்கயே மூச்சு விடுறாங்க, வேர்க்கிறாங்க, கழிப்பறைக்கும் இங்கயே போறாங்க. அவங்க வீட்டுத் தண்ணி உங்க சுவத்துல ஏறுதுங்க. இன்னும் ஒரு வாரம் போனா அவங்க மட்டம் நூத்தியெண்பதைத் தொட்டுரும்."

சேர்மக்கனி திரும்பினாள். உலகம்மாள் ஃபிளாஸ்க் மூடியைத் திருகுவதில் மும்முரமாக இருந்தாள்.

"மைனி, ஒங்களுக்குத் தெரியுமா?"

"கண்ணாடி எங்க வீட்டுலயும் இருக்குல்லா."

"ஏன் சொல்லல?"

"சொன்னா வராதீங்கன்னுருவ. நீ சொல்லுறதும் சரியாத்தான் இருக்கும். நீ எப்பவும் சரியாத்தான சொல்லுவ."

"வீட்ட விட்டு அனுப்பிருவான் மைனி!"

"அனுப்பட்டும். பேச்சுத்துணை இல்லாத வீட்டுல நூத்தித்தொண்ணூறு லிட்டர வச்சிக்கிட்டு நான் என்னட்டி செய்ய? நீந்தவா?"

சேர்மக்கனி எழுந்துவிட்டாள். "தம்பி, ஒம்பது லிட்டரையும் வாளியில பிடிச்சுத் தாரேன். அங்க கொண்டு ஊத்திருங்க."

"வாளியோட வராந்தாவைத் தாண்டினா அதுக்குப் பேருதாங்க திருட்டு. கூடுதல் தண்ணியை நான் எடுத்தா பொதுத்தொட்டிக்குத்தான் போகும். வழி ரெண்டே ரெண்டு. அவங்க இங்க வர்றதை நிறுத்தட்டும், மழைப்பங்குல மெல்ல ஏறிரும். இல்லைன்னா தொட்டி இணைப்பு."

"அது கல்யாணம் கட்டுனவங்க போடுறதுல்லா?"

"சட்டத்துல அப்படி ஒண்ணுமில்லைங்க. ஒரே தண்ணின்னா ஒரே குடும்பம். ஆனா ஒருக்கா சேத்துட்டாப் பிரிக்க முடியாது. மொத்தம் முந்நூத்தறுபதுக்குக் கீழ போச்சுன்னா ரெண்டு பேருமே பொதுக்கூடம்."

திரையில் ஒரு லிஃப்ட் இருபதாம் மாடியில் நின்று சிணுங்கியது. சேர்மக்கனி உட்கார்ந்து அதைச் சரிசெய்தாள். பதினான்கு வருஷமாக ஒரு சொட்டு விடாமல் காத்த தொட்டி. மழைப்பங்கு வந்தும், இந்த டீக்கு முன்பே பத்து லிட்டரை வீணாய்ப் போகவிட்ட பொம்பிளை பின்னால் உட்கார்ந்திருந்தாள். நாற்காலியைத் திருப்பாமலே சேர்மக்கனி கேட்டாள்.

"மைனி, சோத்துக்கு மூடி போடுவீங்களா?"

"பொங்கி வழியுமே."

"தீயக் கொறச்சா வழியாது."

"சரி, போடுதேன்."

"தலைக்குக் குளிச்சிட்டு ஈரத்தோட வராந்தாவுல நின்னு, போறவ வாறவகிட்டல்லாம் பேசுறது?"

உலகம்மாள் யோசித்தாள். இது அவளுக்குக் கஷ்டமான கேள்விதான்.

"ஒணத்திட்டு வந்து பேசுதேன்."

"சத்தியமா?"

"ஏ தம்பி, இவ என்னையப் பொண்ணு பாக்க வந்திருக்காளா என்ன?" என்றாள் உலகம்மாள்.

பரணிதரன் சிரித்துக்கொண்டே, இணைப்புக்குச் சம்மதம் பதியக் கைத்திரையை நீட்டினான். சேர்மக்கனிதான் முதலில் விரல் வைத்தாள்.

வராந்தாச் சுவருக்குள் இருந்த அடைப்பானை அவன் சாவி போட்டுத் திறந்தான். சுவருக்குள் ஒரு குமுறல் கேட்டது. சேர்மக்கனி கண்ணாடியின் முன்னே போய் நின்றாள். இருநூற்று ஐந்து, இருநூறு, நூற்றுத்தொண்ணூற்றெட்டு. நூற்றுத்தொண்ணூற்றைந்தில் வந்து நின்றது. தன் வீட்டுக்குப் போயிருந்த உலகம்மாள் அங்கிருந்து கத்தினாள்: "ஏட்டி, இங்கயும் தொண்ணூத்தஞ்சு!" பதினான்கு லிட்டர் போய்விட்டது. வருத்தமாக இருக்கும் என்றுதான் சேர்மக்கனி நினைத்தாள். இல்லை. பசிதான் எடுத்தது.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு விடுப்பு. எதிர்வீட்டுக்குக் கிளம்பும்போது கை தன்னால் குப்பியை எடுத்தது. வாசல்வரை போய்விட்டுத் திரும்பிவந்து அதை மேஜைமேல் வைத்தாள். வெறுங்கையோடு வராந்தாவைக் கடந்தது என்னவோபோல் இருந்தது.

கதவு திறந்தது. உலகம்மாள் தலையில் துண்டு இறுகச் சுற்றியிருந்தாள்.

"சீக்கிரம் உள்ள வாட்டி! வாசல்ல நிக்காத. நம்ம ஈரம்லா போவுது!"

சேர்மக்கனி சிரித்துக்கொண்டே உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. பானைமேல் மூடி இருந்தது, கொஞ்சம் கோணலாக. அதைச் சரியாக வைக்கப் போன கையை மடக்கிக்கொண்டாள்.

உலகம்மாள் ஒரு செம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். தளும்பத் தளும்ப இருந்தது.

"தண்ணி குடிக்கியாட்டி?"

யாரும் அவளிடம் அப்படிக் கேட்டுப் பதினான்கு வருஷமாகியிருந்தது. தாகம் இல்லை. என்றாலும் வாங்கி, நின்றபடியே, செம்பு காலியாகும்வரை குடித்தாள்.