பச்சைப் பொட்டு!

விர்ர்ர்ர்…

மேஜைமேல் போன் அதிர்ந்தது.

எடுத்துப் பார்த்தவள் உறைந்து போனாள்!

'உங்களுக்குச் சொந்தமில்லாத டிராக்கர் ஒன்று உங்களுடன் நகர்கிறது. முதலில் தென்பட்டது: இன்று காலை 9.10.'

அந்த செல்போன் ரிப்பேர் கடையில் அவளுக்கு 'ட்வீசர்' என்று பேர். எறும்பின் கண்ணில் விழுந்த தூசியைக்கூட அந்தக் குட்டி இடுக்கியால் எடுத்துவிடுவாளாம்!

உறையாமல் என்ன செய்வாள்? அடித்த புருஷனிடமிருந்து எட்டு மாதம் முன்பு தப்பி வந்தவள் அவள். அவன் கிட்டே வரக்கூடாது என்று கோர்ட் உத்தரவு இருக்கிறது. இருந்தும் வீடு எங்கே, கடை எங்கே என்று கூடப்பிறந்த அக்காவிடம்கூட அவள் மூச்சு விட்டதில்லை. அக்காவைப் பார்ப்பதே பஸ் ஸ்டாண்டில்தான்.

"என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?" முதலாளி எட்டிப் பார்த்தார்.

"நான் எங்க இருக்கேன்னு காட்டிக் குடுக்கற டிராக்கரை யாரோ எங்கிட்ட ஒளிச்சு வெச்சிருக்காங்க சார்!"

"போன்லயே பட்டன் இருக்கே… அமுக்கு. டிராக்கரே கத்தித் தன்னைக் காட்டிக் குடுத்துடும்."

அமுக்கினாள்.

நிசப்தம்.

மறுபடி அமுக்கினாள். ஊஹூம்!

"ஸ்பீக்கரைப் பிடுங்கியிருக்காங்க…" என்றாள்.

"இந்த ஊர்ல அந்த வேலையைப் பண்றது…"

"நான் ஒருத்திதான் சார்!"

வண்டியில் வைத்த டிராக்கர் கூவிக் கூவித் திருடனையே உஷார்ப்படுத்துகிறது, அவனும் கழற்றி எறிந்துவிடுகிறான் என்று வாடிக்கையாளர்கள் புலம்புவார்கள். இவள் ஸ்பீக்கரை எடுத்துத் தருவாள். திருடன் காதில் விழாதது வேறு யார் காதிலும் விழாது என்பது அன்றைக்கு உறைக்கவில்லை. சொந்தச் செலவில் சூனியம்!

கைப்பையைக் கவிழ்த்தாள். உள் துணியில் சின்னதாக ஒரு மேடு… கத்தரித்தாள்.

விழுந்தது!

மூடியைத் திறந்தாள். வேலை முடித்த ஒவ்வொன்றிலும் நகப்பாலிஷால் ஒரு பொட்டு வைப்பாள். ஆளுக்கொரு கலர். 'நீதான் கெடுத்தே' என்று யாராவது சண்டைக்கு வந்தால் அடையாளம் வேண்டாமா?

"சிவப்புப் பொட்டா? அது என் ஸ்கூட்டரோடது. சத்தியமா நான் இல்லேம்மா!" முதலாளி அலறினார்.

சிவப்பு இல்லை.

பச்சை.

பச்சை ஒருத்திக்கு மட்டும்தான். "என் வண்டி திருடு போயிடுமோன்னு பயமா இருக்குடி" என்று கொடுத்து வாங்கிய அக்காவுக்கு! இன்று காலை பஸ் ஸ்டாண்டில் இந்தப் பையைப் பரிசாகத் தந்தவளும் அவளேதான். உள் துணியில் எவ்வளவு நேர்த்தியான தையல்… பதினெட்டு வருஷமாக டெய்லர் அல்லவா?

போன் போட்டாள்.

"அக்கா, வண்டியில வெச்ச டிராக்கர் ஒழுங்கா வேலை செய்யுதா?"



"ஓ… சீட்டுக்கு அடியில பத்திரமா இருக்குடி! ஆமா, நீ வேலையிலயா? சாயங்காலம் வரைக்கும் அங்கதானே இருப்பே?"

"அங்கதான்க்கா."

வைத்துவிட்டாள். அம்மா போன பிறகு தலைவாரி விட்டவள். ஆஸ்பத்திரியில் மடியில் போட்டுக்கொண்டு அழுதவள். அவளா? வேலியே பயிரை மேய்ந்துவிட்டதே!

"தூக்கிக் குப்பையில போடும்மா அதை!"

"போட்டா அவன் உஷாராயிடுவான் சார்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இன்ஸ்பெக்டரம்மா ரிப்பேருக்குக் குடுத்த போன் ரெடி. வாங்கிட்டுப் போக வரச் சொல்லுங்க… உடனே. மஃப்டியில!"

டிராக்கரைப் பழைய இடத்திலேயே வைத்துத் தைத்தாள்.

பன்னிரண்டே கால்.

கடைக்குள் அவன் நுழைந்தான். கையில் போன். திரையில் அம்புக்குறி நேராகக் காட்டியது. கவுன்ட்டரில் முதுகைக் காட்டியபடி ஒருத்தி… தோளில் அதே கைப்பை!

"எங்கடி ஓடுவே?" தோளைப் பிடித்துத் திருப்பினான்.

திரும்பியது அவன் மனைவி இல்லை!

மறுநொடி அவன் கை அவன் முதுகுக்குப் பின்னால் முறுக்கப்பட்டிருந்தது.

"கோர்ட் உத்தரவை மீறி வந்தே. சரி. இன்ஸ்பெக்டர் மேலயே கை வெக்கிறியே… உனக்கு ரொம்பத்தான் தைரியம்!"

அவனோடு வந்திருந்த அக்கா வாசலில் வெளிறிப்போய் நின்றாள்.

"அவரு திருந்திட்டார்டி… எங்கிட்ட அப்படி அழுதாரு… சேர்த்து வைக்கலாம்னுதான்…"

உள்ளேயிருந்து ட்வீசர் வந்தாள். புருவத்துத் தழும்பைத் தொட்டுக் காட்டினாள்.

"அவன் அடிச்சதுல இங்க மூணு தையல். ஆறிடுச்சு. நீ பைக்குள்ள போட்டே பாரு, ஒரு தையல்… அது ஆறாதுக்கா."

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

விலங்கு மாட்டும்போது அவன் திமிறினான். "அது சத்தமே போடாதுன்னு சொன்னியே! எப்படி மாட்டினேன்?" என்று அக்காவைப் பார்த்துக் கத்தினான்.

பதில் ட்வீசரிடமிருந்து வந்தது.

"அக்கா பொய் சொல்லலை. ஸ்பீக்கரை நானே பிடுங்கியிருந்தேன். காட்டிக் குடுத்தது என் போன்… இனிமே ஸ்டேஷன்ல சத்தம் போடற டூட்டி உனக்குத்தான்!"