பதினோரு வௌவால்கள்

அட்டையை யாரும் பார்ப்பதில்லை என்பதைத் தௌஹீதா மூன்றாம் நாள்தான் கவனித்தாள். மைக்கறையில் என்ன தெரிகிறது என்று கேட்டு மனநலச் சோதனை அட்டையை நீட்டினால், நோயாளிகள் அவள் வாயைப் பார்த்தார்கள். "வௌவால்" என்று அவசரமாகச் சொல்லிவிட்டு, மூக்கைத் துடைத்தபடி எழுந்து போனார்கள். மூன்று நாளில் பதினோரு பேர், பதினோரு வௌவால்கள். ஒரே அட்டை, ஒரே கேள்வி, ஒரே தொனி; ஆளுக்கு ஆள் மாற வேண்டியது பதில் மட்டும்தான் என்று படித்தவள் அவள். இங்கே பதிலும் மாறவில்லை.

ஸ்ஃபாக்ஸ் நகரத்து வெயில் ஜன்னல் சட்டங்களின் இடுக்கு வழியாக மேசைமேல் கோடுகோடாக விழுந்துகொண்டிருந்தது. மூலையிலிருந்த கைகழுவும் தொட்டியிலிருந்து, ஊறிப்போன துணியும் அழுகிய மீன்குடலும் சேர்ந்தாற்போல ஒரு வாடை எழுந்து, அறை முழுவதும் பிசுபிசுப்பாகப் பரவி நாக்கில் வந்து ஒட்டியது. தொட்டியில்தான் ஏதோ அடைப்பு என்று அவள் நினைத்தாள். குழாய்க்காரர் காலையில் வந்து பார்த்துவிட்டு, தொட்டி சுத்தமாக இருப்பதாகச் சொல்லிப் போயிருந்தார்.

பன்னிரண்டாவதாக வந்தவர் ஹெதி, கெர்கெனா தீவு மீனவர். அவர் வீட்டில் தனியாக இருக்கத் தகுதியானவரா, மனநல விடுதியில் பூட்டி வைக்க வேண்டியவரா என்று நீதிமன்றம் அவளிடம் அறிக்கை கேட்டிருந்தது. மகன் வெளியே காத்திருந்தான்.

"இதுல சரி தப்புன்னு எதுவும் கிடையாது மாமா. என்ன தெரியுதோ சொல்லுங்க."

"நாப்பது வருஷம் எட்டுக்கால் பேய்க்கணவாய் புடிச்சவன்கிட்ட மையைக் காட்டுறியே மகளே! அது பயந்துபோய் பீய்ச்சினதுதான் தெரியுது."

தௌஹீதா வாய்விட்டுச் சிரித்தாள். கிழவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.

"வௌவால்னு எழுதிக்கோ."

"நீங்க அட்டையையே பார்க்கலையே?"

"வெளியில உக்காந்திருக்கிறவங்க எல்லாரும் பேசி வச்சிருக்காங்க. டாக்டர் பொண்ணுக்குத் தெரியாது போல, சொல்லி நோகடிக்க வேணாம்னு."

"என்னத்தை?"

"சொன்னா என்னைப் பைத்தியம்னு எழுதிடுவ."

"சொன்னதைச் சொன்னபடிதான் எழுதுவேன்."

கிழவர் நாற்காலியை மறுபடி மேசைப் பக்கம் இழுத்தார்.

"உன் பல்லுக்குப் பின்னால முடி கிடக்கு மகளே. யாரோ மென்னு துப்பின மாதிரி, ஈரமா."

அவள் எழுதினாள். விதிப்படி அடுத்த கேள்வியையும் கேட்டாள்.

"எதை வச்சு அப்படித் தோணுது?"

"நீ பேசறப்போ அது ஒதுங்கிக்குது."

அவள் அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டு அறிக்கையை எழுதினாள்: இல்லாததைக் காண்கிறார், தனியே வாழத் தகுதியில்லை. கையெழுத்துப் போட்டாள். காவலர்கள் இருவர் வந்து கிழவரைப் பூட்டறைப் பக்கம் நடத்திப் போனார்கள். அவர் முரண்டு பிடிக்கவில்லை. வாசலில் மட்டும் திரும்பி நின்றார்.

"தண்ணி குடிக்காதே மகளே. நனைஞ்சா அது வளருது."

கதவு சாத்தப்பட்டது.

தௌஹீதா நாக்கை அசைத்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை. மேலண்ணத்தில் தடவினாள். ஒன்றுமில்லை. கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால், கீழே, ஏதோ இழை போல.

விரலை விட்டாள்.

பிடித்தாள். இழுத்தாள்.

நரைத்த முடி. அவளுடைய தலைமுடி கறுப்பு. கோழை பூசி வழுக்கிய அந்த முடி, வந்துகொண்டே இருந்தது. ஒரு முழம். இரண்டு முழம். அதே வாடை. கண்ணில் நீர் முட்டியது. எச்சில் மேசையில் சொட்டியது. நிறுத்த முடியவில்லை. விரலில் மூன்று சுற்று சுற்றினாள். இன்னும் வந்தது.

தொண்டைக்குக் கீழே, நெஞ்சுக்கூட்டுக்குள், எதுவோ மெல்லுவதை நிறுத்தியது.

பிறகு அது முடியைத் தன் பக்கம் இழுத்தது.