பக்கத்து வீட்டு மிஸஸ் ஹெட்ரிக்

டெக்ஸாஸின் வடக்கே, கண்ணுக்கெட்டிய வரை புல்லும் கோதுமையுமாகக் கிடந்த அந்தச் சின்ன ஊருக்கு ஷ்யாமளா வந்து இறங்கியது தொண்ணூற்றைந்து ஆகஸ்டில். கணவர் கஸ்தூரிரங்கன் டாக்டர். டாக்டர் கிடைக்காத ஊரில் மூன்று வருஷம் வேலை பார்த்தால் கிரீன் கார்டுக்கு வழி பிறக்கும் என்று நியூஜெர்ஸியிலிருந்து பெட்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

சும்மா சொல்லக்கூடாது, தங்கமான ஊர். எதிரே கார் ஓட்டி வருகிறவன் முன்பின் தெரியாதவனாக இருந்தாலும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி வணக்கம் வைப்பான். அந்தப் பழைய மரவீட்டில் சாமான்களைக்கூடப் பிரிக்கவில்லை, அதற்குள் பக்கத்து வீட்டு மிஸஸ் ஹெட்ரிக் பின்கதவைத் தட்டிவிட்டாள். எழுபது வயதுத் தனிக்கட்டை. கையில் ஆவி பறக்கும் கண்ணாடிப் பாத்திரம்.

உள்ளே மாட்டுக்கறி.

"ஏன்னா, நாம வெஜிடேரியன்னு சொல்லிடட்டுமா?"

"பாவம், ஆசையா கொண்டுவந்திருக்கா. அப்புறமா நைஸா சொல்லிக்கலாம்" என்றார் ரங்கன்.

அந்த அப்புறம் வரவேயில்லை. கறி குப்பைப் பைக்குள் போயிற்று. பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரலாமா என்று கேசரி கிண்டிப் போட்டு, "வெரி டேஸ்டி" என்றும் சொல்லிவைத்தாள் ஷ்யாமளா. விளைவு? வாராவாரம் கறி வந்தது. கேசரியை மிஸஸ் ஹெட்ரிக் என்ன செய்தாளோ, பகவானுக்கே வெளிச்சம். போகப் போக, கதவு தட்டும் சத்தம் கேட்டாலே ஷ்யாமளாவுக்கு அலுப்பாக வந்தது.

அக்டோபரில் ஒரு மத்தியானம். ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியில் கண்விழித்த ரங்கன் படுக்கையறையில் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். பின்கதவில் மெல்லத் தட்டும் சத்தம். ஷ்யாமளா ஜன்னல் திரையை விரலால் விலக்கிப் பார்த்தாள். மிஸஸ் ஹெட்ரிக் ஒரு கையால் தூணைப் பிடித்தபடி நின்றிருந்தாள். இன்னொரு கை தெரியவில்லை. அதில் பாத்திரம்தான் இருக்கும், வேறென்ன என்று நினைத்து, வெளியே தெரியாதபடி சமையலறைத் தரையில் உட்கார்ந்துகொண்டாள் ஷ்யாமளா.

"ஹனி... ஆர் யூ ஹோம்?"

குரல் தேய்ந்து வந்தது. இவள் மூச்சுக்கூட விடவில்லை.

கொஞ்ச நேரத்தில் தபால்காரர் போட்ட கூச்சலில் ரங்கன் எழுந்து வெறுங்காலோடு ஓடினார். இரண்டு வீட்டுக்கும் நடுவே புல்லில் கிடந்தாள் மிஸஸ் ஹெட்ரிக். பாத்திரமும் இல்லை, ஒன்றும் இல்லை. கை நெஞ்சைப் பிடித்தபடியே இருந்தது, உயிர் போயிருந்தது.

"ஹார்ட் அட்டாக். நான் இங்கேயே இருக்கேன், கதவைத் தட்டியிருந்தா பிழைச்சிருப்பாளே!" ரங்கனுக்குக் கண் கலங்கிவிட்டது. "இங்க வந்தாளா, ஷ்யாமா?"

"இல்லையே. நான் லைப்ரரிக்குன்னா போயிருந்தேன்."

அடிப்பாவி! பொய் என்ன வேகத்தில் வந்தது பாருங்கள். அடக்கத்தன்று சர்ச்சில் ஊரே அவளைக் கட்டிக்கொண்டு ஆறுதல் சொன்னது. உன்மேல் அவளுக்கு உயிர் என்றார்கள். ஒவ்வொருவரும் அணைத்துக்கொண்டபோது ஷ்யாமளாவுக்கு உடம்பு கூசியது. இது மட்டும் ரங்கனுக்குத் தெரிந்துவிட்டால் அப்புறம் அவர் முகத்தில் எப்படி விழிப்பாள்?

அடுத்த வாரம், வெயில் காயும் மத்தியானத்தில், பின்கதவு தட்டப்பட்டது.

மெல்ல. அதே மாதிரி.

வெளியே புல்லைத் தவிர ஒன்றுமில்லை. ஆனால் திரை வழியே வெந்த கறியின் வாசனை வந்தது.

தினமும் தட்டியது. ரங்கனுக்குக் கேட்கவில்லை. அவளுக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கமும் போயிற்று. ஒரு நாள் தாங்கமாட்டாமல் கதவை அகலத் திறந்தாள்.

"உள்ளே வாங்கோ மிஸஸ் ஹெட்ரிக். தெரியாம பண்ணிட்டேன், மன்னிச்சுடுங்கோ" என்று தமிழிலேயே அழுதாள்.

காற்று சில்லென்று அவளைக் கடந்து போயிற்று. அதோடு தட்டல் நின்றது. அப்பாடா என்று கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். அன்று வயிறாரச் சாப்பிட்டாள்.

மறுநாள் மத்தியானம் ரங்கன் பக்கத்தில் அவளும் கண்ணயர்ந்திருந்தாள்.

தட்டும் சத்தம்.

பின்கதவில் இல்லை.

படுக்கையறைக் கதவில்.

"யாரோ பேஷன்ட் போலிருக்கு" என்று முனகியபடி ரங்கன் எழுந்தார். இந்தத் தடவை அவருக்கும் கேட்டிருக்கிறது!

"போகாதேங்கோ" என்று அவர் கையைப் பிடித்தாள். உதறிவிட்டுப் போனார்.

சமையலறையில் நாற்காலி இழுபடும் சத்தம். எத்தனை நேரமாக வலிக்கிறது என்று அவர் இங்கிலீஷில் இதமாகக் கேட்பது காதில் விழுந்தது. பதில் கேட்கவில்லை. நடுநடுவே அவர் "உம்" கொட்டுவது மட்டும் கேட்டது. நெடுநேரம் கொட்டினார்.

பிறகு படுக்கையறை வாசலில் வந்து நின்றார். முகத்தில் தூக்கக் கலக்கம் இல்லை. அவளை யாரோ அசலார் மாதிரிப் பார்த்தார்.

"சத்தம் போடாதே. கிச்சன்ல உட்கார்ந்திருக்கா" என்றார் மெல்ல. "அன்னிக்கு நீ ஆத்துலதான் இருந்தியாமே?"